எட்டு ஆல்பம், எட்டு ராத்திரி: லிங்கின் பார்க்கை வரிசைப்படுத்தும் வழி

அமெரிக்க ராக் குழுவான லிங்கின் பார்க்கின் 'மெட்டியோரா' ஆல்பத்தை முதல் மூன்று வருடம் நான் தப்பான வரிசையில்தான் கேட்டேன். விடுதி நண்பன் ரைட் பண்ணிக் கொடுத்த எம்பி3 சிடி அது. பாட்டுகளின் பெயருக்கு முன்னால் எண் போடாததால், பிளேயர் அவற்றை ஆங்கில அகரவரிசையில் அடுக்கிக்கொண்டது. 'பிரேக்கிங் தி ஹாபிட்' முதலில் வந்தது, 'சம்வேர் ஐ பிலாங்' கடைசியில். 'நம்ப்' பாட்டு முடிந்ததும் 'செஷன்' என்ற வார்த்தையில்லாத இசைத்துண்டு ஓடும். அதைப் பெரும்பாலும் தாண்டிவிடுவேன். வேலைக்குப் போன பிறகு அசல் சிடி வாங்கினேன். உண்மையில் 'செஷன்' முடிந்துதான் 'நம்ப்' வரும், அதோடு ஆல்பமும் முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. யாரும் பாடாத இரண்டரை நிமிடம் கடந்த பிறகு 'நம்ப்'பின் கீபோர்டு தொடங்கும்போது காது காத்திருந்ததுபோல அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்த ஒரு இடமாற்றத்தால் என் பட்டியலில் 'மெட்டியோரா' இரண்டு படி ஏறியது.

லிங்கின் பார்க்கைப் புதிதாகக் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு தரவரிசைப் பட்டியலைப் படித்துவிட்டு, முதல் இரண்டு ஆல்பத்தோடு நின்றுவிடுகிறார்கள். பட்டியலை நீங்களே போடுங்கள். அதற்காகக் கேட்கும்போது காது வேறு மாதிரி வேலை செய்யும். எப்படிப் போடுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எதைக் கணக்கில் எடுப்பது

ஸ்டூடியோ ஆல்பங்கள் எட்டு: 'ஹைப்ரிட் தியரி' (2000), 'மெட்டியோரா' (2003), 'மினிட்ஸ் டு மிட்நைட்' (2007), 'எ தவுசண்ட் சன்ஸ்' (2010), 'லிவிங் திங்ஸ்' (2012), 'தி ஹண்டிங் பார்ட்டி' (2014), 'ஒன் மோர் லைட்' (2017), 'ஃப்ரம் ஜீரோ' (2024). மொத்தம் ஏறக்குறைய ஐந்தேகால் மணி நேரம். மிகச் சிறியது 'ஃப்ரம் ஜீரோ', 32 நிமிடம்கூட இல்லை. மிக நீளமானது 'எ தவுசண்ட் சன்ஸ்', 48 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ராத்திரிக்கு ஒன்று என்று வைத்தால் எட்டு ராத்திரியில் முடிந்துவிடும்.

'ரீஅனிமேஷன்' (2002) ரீமிக்ஸ் தொகுப்பு. 'கொலிஷன் கோர்ஸ்' (2004) ராப் பாடகர் ஜே-இசட்டோடு சேர்ந்து, இருவரின் பழைய பாட்டுகளையும் பின்னிச் செய்தது. இரண்டும் கேட்க அருமையானவை, ஆனால் பட்டியலுக்கு வெளியே வையுங்கள். ஆண்டுவிழாப் பதிப்புகளிலும் கவனம் வேண்டும். செயலியில் 'ஹைப்ரிட் தியரி' என்று தேடினால் 20ஆம் ஆண்டுப் பதிப்பு வந்து நிற்கலாம். அதில் ஏராளமான கூடுதல் பாட்டுகள் உண்டு. அசல் ஆல்பம் பன்னிரண்டாவது பாட்டான 'புஷிங் மீ அவே'யோடு முடிந்துவிடும். அதுபோல 'லாஸ்ட்' என்ற பாட்டு 'மெட்டியோரா' காலத்தில் பதிவானது என்றாலும் வெளிவந்தது 2023இல். அதை வைத்து 'மெட்டியோரா'வுக்கு மதிப்பெண் ஏற்றக் கூடாது.

இரண்டாம் படி: அளவுகோல்

கேட்கத் தொடங்கும் முன்பே அளவுகோலை முடிவுசெய்துவிட வேண்டும். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

இந்தக் குழுவை வழக்கமாகச் சேர்க்கும் வகையான நியூ மெட்டல் என்பது 1990களில் கலிபோர்னியாவை மையமாக வைத்து எழுந்த ஒரு கலப்பு. 1994இல் வந்த கோர்ன் குழுவின் முதல் ஆல்பத்தை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். சுருதியை வழக்கத்தைவிடத் தாழ்த்திய கனமான கிட்டார், ஹிப்-ஹாப்பின் தாளக்கட்டு, ராப், அலறல், சில குழுக்களில் ஒரு டி.ஜே. மெட்டல் என்ற பழைய கனமான ராக் இசையில் உயிராகக் கருதப்பட்ட நீண்ட கிட்டார் சோலோ இங்கே அநேகமாகக் கிடையாது. வீரம், போர், பூதம் எல்லாம் பாட்டிலிருந்து போய், வீட்டுக்குள்ளும் மனசுக்குள்ளும் பட்ட காயம் வந்து உட்கார்ந்தது.

இந்த வரையறைக்குள் லிங்கின் பார்க்கின் முதல் இரண்டு ஆல்பங்கள் முழுமையாக அடங்கும். மற்றவை அடங்காது. எனவே "எது நல்ல நியூ மெட்டல்" என்று கேட்டால் கேட்கும் முன்பே பட்டியல் முடிந்துவிடும். மீதி ஆறும் சும்மா கீழே வரிசையில் நிற்கும். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம். நான் நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளும் கேள்விகள் மூன்றுதான். எந்தப் பாட்டில் தாண்டத் தோன்றியது? பாடுகிற இரண்டு குரல்களும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன? ஒரு வாரம் கழித்து யாரும் சொல்லாமல் நானாகவே மறுபடி போட்ட ஆல்பம் எது? மூன்றாவதுக்கு நான் அதிக எடை கொடுப்பேன்.

மூன்றாம் படி: கேட்கும் முறை

வெளிவந்த வரிசையிலேயே கேளுங்கள். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஆல்பம் முடிந்ததும் செயலி தானாக வேறு பாட்டைத் தொடங்கும் வசதியையும் அணையுங்கள். கடைசிப் பாட்டுக்குப் பிறகு வரும் அமைதியும் கேட்பதில் சேர்ந்ததுதான். பாட்டின் முடிவை அடுத்த பாட்டோடு மங்கலாகக் கலக்கும் கிராஸ்ஃபேட் அமைப்பு இருந்தால் அதையும் நீக்குங்கள். நான்காவது ஆல்பத்தில் அது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஒவ்வொன்றையும் இரண்டு முறையாவது கேட்காமல் இடம் கொடுக்காதீர்கள்.

இனி ஒவ்வொரு ராத்திரியும் எதற்குக் காது கொடுப்பது என்று பார்ப்போம்.

'ஹைப்ரிட் தியரி': மைக் ஷினோடாவும் நண்பர்களும் கலிபோர்னியாவின் அகூரா ஹில்ஸில் 'ஜீரோ' என்ற பெயரில் தொடங்கிய குழு இது. ஆங்கிலத்தில் எக்ஸ் எழுத்தில் தொடங்கும் அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், எட்டாம் ராத்திரி தேவைப்படும். பாடகர் கிடைக்காமல் தவித்தபோது, அரிசோனாவின் ஃபீனிக்ஸிலிருந்த செஸ்டர் பென்னிங்டனுக்கு டேப் போனது. தன் பிறந்தநாள் விருந்தை விட்டுவிட்டுப் போய்ப் பாடிப் பதிவுசெய்தார் அவர். முதல் பாட்டு 'பேப்பர்கட்'டின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். செஸ்டர் பாடிக்கொண்டிருக்கும்போதே மைக்கின் ராப் அதன்மேல் ஏறி ஓடும். ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதில்லை. ஒரே மனிதனுக்குள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதுபோல இருக்கும். இந்தக் குழு என்ன செய்யப் போகிறது என்பது அந்த ஒரு நிமிடத்திலேயே இருக்கிறது. 'கிராலிங்' செஸ்டர் போதைப் பழக்கத்தோடு போராடியதிலிருந்து பிறந்தது, கிராமி வாங்கியது. உலகமே பாடிய 'இன் தி எண்ட்' பாட்டை ஆல்பத்தில் சேர்க்கவே தனக்கு விருப்பமில்லை என்று செஸ்டர் பின்னாளில் சொன்னார். புகழ் பெற்ற பாட்டே சிறந்த பாட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். என் காதுக்கு 'எ பிளேஸ் ஃபார் மை ஹெட்' அதைவிட ஒரு படி மேல்.

'மெட்டியோரா': கிரேக்க நாட்டில் செங்குத்துப் பாறைகளின் உச்சியில் இருக்கும் மடாலயங்களின் பெயர். முதல் ஆல்பத்தின் அச்சிலேயே வார்த்தது என்று குறை சொல்வார்கள். பாதி உண்மைதான். ஆனால் 'பிரேக்கிங் தி ஹாபிட்' அந்த அச்சுக்குள் அடங்காது. கனமான கிட்டார் சுவர் இல்லை, ராப் இல்லை, அலறல் இல்லை. துடிக்கிற தாளமும் வயலின்களும் ஒரு குரலும். மைக் அதைப் பல வருடம் கையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். 'நோபடீஸ் லிஸனிங்'கில் ஜப்பானிய மூங்கில் குழலான ஷகுஹாச்சியின் ஓசை வரும். நம் காதுக்கு அது சட்டென்று பிடிபடும்.

'மினிட்ஸ் டு மிட்நைட்': இங்கே தயாரிப்பாளர் மாறினார். முதல் இரண்டையும் செய்த டான் கில்மோருக்குப் பதில் ரிக் ரூபின், மைக்கோடு சேர்ந்து. முதல் இரண்டு ஆல்பங்களிலும் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது, கவனித்திருப்பீர்கள். இதில் வருகிறது. கிட்டார் சோலோவும் வருகிறது. 'கிவன் அப்' பாட்டில் செஸ்டர் மூச்சு விடாமல் 17 விநாடி அலறுகிறார். ஆனால் ஆல்பத்தின் இதயம் கடைசிப் பாட்டில் இருக்கிறது. 'தி லிட்டில் திங்ஸ் கிவ் யூ அவே' கத்ரீனா புயல் சிதைத்த நியூ ஆர்லியன்ஸைப் பார்த்துவிட்டு வந்து எழுதியது. ஆறு நிமிடத்துக்கு மேல், அவசரமே இல்லாமல் வளர்ந்துகொண்டே போகும். 'வாட் ஐவ் டன்' பாட்டை 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்தில் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள்.

'எ தவுசண்ட் சன்ஸ்': இந்த ராத்திரிக்கு மட்டும் ஒரு மணி நேரத்தை முழுதாக ஒதுக்குங்கள். விளக்கை அணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

ஆயிரம் சூரியன்கள் என்ற தலைப்பு கீதையிலிருந்து வந்தது. விஸ்வரூப தரிசனத்தில், ஆகாயத்தில் ஆயிரம் சூரியன்கள் ஒரே நேரத்தில் எழுந்தால் எப்படி இருக்கும் என்ற அந்தச் சுலோகம். அணுகுண்டைச் செய்த ஓப்பன்ஹைமரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட வரி அது. இரண்டாவது துண்டான 'தி ரேடியன்ஸ்' முழுக்க அவருடைய சொந்தக் குரல்தான், பழைய பேட்டி ஒன்றிலிருந்து. உலகம் இனி பழைய உலகமாக இருக்காது என்று தெரிந்துகொண்டோம் என்று தழுதழுத்துச் சொல்லி, கீதையை நினைவுகூர்கிறார். நம் வீட்டில் பாராயணம் செய்கிற வரிகளை ஒரு கலிபோர்னியா ராக் ஆல்பத்தின் நடுவில், அந்தக் குரலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பதினைந்து துண்டுகளில் ஒன்பதுதான் பாட்டு. மீதி ஆறும் இணைப்புகள். புதியவர்கள் அவற்றைத் தாண்டிவிட்டு "பாட்டே இல்லையே" என்பார்கள். நானும் 2010இல் அப்படித்தான் சொன்னேன், அப்போதிருந்த நான்கில் நான்காம் இடத்தில் வைத்தேன். ஆனால் ஆல்பத்தின் முடிச்சுகள் அந்த இணைப்புகளில்தான் இருக்கின்றன. முதல் துண்டு 'தி ரெக்வியம்'இல் குரல் ஒன்று பாடுகிற வரிகள், ஏறக்குறைய நாற்பது நிமிடத்துக்குப் பிறகு 'தி கேட்டலிஸ்ட்'டில் முழு வேகத்தோடு திரும்பி வரும். நடுவில் வரும் 'ஹோர்னாடா டெல் முயர்ட்டோ' என்பது 1945 ஜூலை 16 அன்று முதல் அணுகுண்டைச் சோதித்த நியூ மெக்சிகோ பாலைநிலத்தின் பெயர். அதில் கேட்கிற வார்த்தைகள் ஜப்பானிய மொழி. 'தி கேட்டலிஸ்ட்'டில் "என்னைத் தூக்கு, என்னை விடு" என்ற பொருளில் வருகிற அதே வரிகள்தான் அங்கே முன்கூட்டியே ஜப்பானியத்தில் வருகின்றன. குண்டைச் சோதித்த மண்ணின் பெயருக்குக் கீழே, குண்டு விழுந்த நாட்டின் மொழி. இதைக் கண்டுபிடித்த அன்று மறுபடி முதலிலிருந்து போட்டேன். மார்ட்டின் லூதர் கிங்கின் குரலும், 1964இல் பெர்க்லி மாணவர் போராட்டத்தில் பேசிய மாரியோ சாவியோவின் குரலும் உண்டு. இரைச்சலெல்லாம் ஓய்ந்து கடைசியில் 'தி மெஸ்ஸெஞ்சர்' வரும்: ஒரு அகூஸ்டிக் கிட்டார், கொஞ்சம் பியானோ, தொண்டை கிழியப் பாடுகிற செஸ்டர். அதைக் கேட்டுவிட்டு உடனே எழுதாதீர்கள். மறுநாள் காலையில் எழுதுங்கள்.

'லிவிங் திங்ஸ்' பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழைய வேகத்தையும் புதிய மின்னணு ஒலியையும் ஒட்டவைத்த ஆல்பம். 'கேஸில் ஆஃப் கிளாஸ்' மட்டும் நாட்டுப்புறப் பாட்டின் நடையோடு தனியாக நிற்கும்.

'தி ஹண்டிங் பார்ட்டி' குழுவின் கனமான ஆல்பம். மைக்கும் கிட்டாரிஸ்ட் பிராட் டெல்சனும் தயாரித்தார்கள். சிஸ்டம் ஆஃப் எ டவுனின் டேரன் மலாக்கியன், ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷினின் டாம் மொரெல்லோ, ஹெல்மெட்டின் பேஜ் ஹாமில்டன், ராப் பாடகர் ரக்கீம் என்று விருந்தாளிகள் வருகிறார்கள். டிரம்ஸில் ராப் போர்டனைக் கேளுங்கள், அவர் இவ்வளவு ஆவேசமாக வாசித்தது வேறெங்கும் இல்லை. டாம் மொரெல்லோ வந்தும் 'டிராபார்' வார்த்தையில்லாமல் அமைதியாக நகர்கிற ஒரு துண்டு. எனக்கு அது ஏமாற்றமாகவே இருக்கிறது.

'ஒன் மோர் லைட்': இங்கேதான் வரிசைப்படுத்துகிறவர்களின் நேர்மை சோதிக்கப்படுகிறது. 2017 மே 19 அன்று வந்தபோது ரசிகர்களில் பலர் கோபப்பட்டார்கள். கிட்டார் எங்கே, அலறல் எங்கே, இது பாப் இசை என்றார்கள். இரண்டு மாதம் கழித்து, ஜூலை 20 அன்று, செஸ்டர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய நண்பரும் சவுண்ட்கார்டன் பாடகருமான கிறிஸ் கார்னெல் அதே மே மாதத்தில் இறந்திருந்தார். ஜூலை 20 கார்னெலின் பிறந்தநாள். கார்னெல் இறந்த செய்தி வந்த அன்று தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அவருக்காக 'ஒன் மோர் லைட்' பாட்டைத்தான் பாடினார்கள். குழுவுக்கு நெருக்கமாயிருந்து புற்றுநோயில் இறந்த ஒரு தோழியை நினைத்து எழுதிய பாட்டு அது.

இதெல்லாம் தெரிந்த பிறகு அந்த ஆல்பத்தைக் கடைசி இடத்தில் வைக்கக் கை வராது. அதேபோல, இரக்கத்தால் மேலே தூக்கி வைப்பதும் அவர்கள் செய்த வேலைக்கு மரியாதை ஆகாது. என் வழி இது: பாட்டுகளைத் தனித்தனியாக எழுதுங்கள். தலைப்புப் பாட்டு, அந்தக் குழு செய்த எல்லாவற்றிலும் முதல் ஐந்துக்குள் வரும் என்பேன். 'நோபடி கேன் சேவ் மீ' நன்றாக இருக்கிறது. 'ஸாரி ஃபார் நௌ' பாட்டில் வேலைக்காக வீட்டைவிட்டு விலகியிருக்கும் தந்தை பிள்ளைகளிடம் பேசுவது எனக்கு நெருக்கமானது. மற்றவற்றில் பாதியை நான் தாண்டியிருக்கிறேன். அதனால் ஆல்பம் எட்டாவது, பாட்டு உச்சியில். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுவதில் முரண் எதுவும் இல்லை.

மனம் சரியில்லாத நாளில் இந்த ராத்திரியைத் தள்ளிப்போடுங்கள். அந்தப் பாரம் பழைய ஆல்பங்களுக்கும் பொருந்தும். தனியாகத் தாங்க வேண்டாம், நெருங்கியவரிடம் பேசுங்கள்.

'ஃப்ரம் ஜீரோ': ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு, டெட் சாரா குழுவின் எமிலி ஆம்ஸ்ட்ராங் பாட, கொலின் பிரிட்டன் டிரம்ஸ் வாசிக்க, 2024 நவம்பரில் வந்தது. சுழியத்திலிருந்து என்றும் பொருள், பழைய 'ஜீரோ'விலிருந்து என்றும் பொருள். செஸ்டரோடு ஒப்பிடாமல் கேளுங்கள் என்று சொன்னால் அது நடக்காத காரியம். ஒப்பிடுங்கள், ஆனால் முதல் முறை அல்ல, இரண்டாம் முறை கேட்கும்போது. 'தி எம்ப்டினெஸ் மெஷின்' பாட்டில் மைக் தொடங்கி, ஒரு சுற்று முடிந்த பிறகுதான் எமிலி வருகிறார். புதிய குரலை வீட்டுக்குள் எப்படி அழைத்து வர வேண்டுமென்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். 'ஹெவி இஸ் தி கிரௌன்' பாட்டின் நீண்ட அலறலைக் 'கிவன் அப்' பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்த நகல் இல்லை அது.

நான்காம் படி: அடுக்குவது

பத்துக்கு ஏழு, பத்துக்கு எட்டு என்று மதிப்பெண் போட வேண்டாம். எல்லாமே ஏழரையில் வந்து நிற்கும். சீட்டாடும்போது கையில் சீட்டு அடுக்குவோமே, அப்படிச் செய்யுங்கள். எட்டுத் துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதுங்கள். ஒன்றை வையுங்கள். அடுத்ததை எடுத்து, இது அதற்கு மேலா கீழா என்று மட்டும் கேளுங்கள். மூன்றாவதைக் கீழிருந்து ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுக்கொண்டே மேலே நகர்த்துங்கள். எங்கே தோற்கிறதோ அதற்குக் கீழே அதன் இடம். அதிகபட்சம் 28 ஒப்பீட்டில் முடிந்துவிடும், பொதுவாக அவ்வளவுகூட ஆகாது. இரண்டு ஆல்பத்துக்கு நடுவில் முடிவெடுக்க முடியாவிட்டால் மூன்றாவது கேள்விக்குப் போங்கள்: போன வாரம் நீங்களாகவே எதைப் போட்டீர்கள்?

அப்படி அடுக்கியதில் இன்றைக்கு என் நோட்டில் இருப்பது இதுதான். முதலில் 'ஹைப்ரிட் தியரி', ஏனென்றால் அதில் நான் தாண்டிய பாட்டு ஒன்றுகூட இல்லை. இரண்டாவது 'எ தவுசண்ட் சன்ஸ்', நான்கிலிருந்து ஏறிவந்தது. மூன்றாவது 'மெட்டியோரா'. இந்த மூன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பெரிய இடைவெளி. பிறகு 'மினிட்ஸ் டு மிட்நைட்', 'ஃப்ரம் ஜீரோ', 'தி ஹண்டிங் பார்ட்டி', 'லிவிங் திங்ஸ்', 'ஒன் மோர் லைட்'.

ஐந்தாம் படி: தேதி போடுவது

பட்டியலுக்குக் கீழே தேதி எழுதி மடித்து வையுங்கள். அதன் பிறகு மற்றவர்களின் பட்டியல்களைப் படியுங்கள், அதற்கு முன்பு வேண்டாம். உங்களுடையதும் அவர்களுடையதும் எங்கே அதிகம் விலகுகிறதோ, அந்த ஆல்பத்தை மட்டும் மறுபடி ஒருமுறை கேளுங்கள். ஆறு மாதம் கழித்துப் பழைய நோட்டைப் பார்க்காமல் புதிதாக அடுக்கிவிட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் நோட்டில் 'ஃப்ரம் ஜீரோ'வின் ஐந்தாம் இடத்தை இன்னும் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். போன மாதம் முழுக்கக் காலை ரயிலில் நானாகவே போட்டுக் கேட்டது அதைத்தான்.